ஆயத்த சாகசத்தை வாளும் சூனியமும் உலகத்துக்கு மாற்றித் தைப்பது

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு என் தையல் கடையை அடைத்துவிட்டால், துணி வெட்டுகிற நீள மேசை அன்றைக்கு வேறு வேலைக்குப் போய்விடும். செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (வேலை மேற்பார்ப்பவராக) இருக்கும் நண்பர், சுங்கை பட்டாணியிலிருந்து பினாங்குக்கு லாரி ஓட்டும் அண்ணன், கிளினிக்கில் தாதியாக இருக்கும் தங்கச்சி, ஐந்தாம் படிவம் படிக்கும் என் அக்கா மகள், நான். ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை ஆடுவோம். எங்களைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரும் தாங்களாகவே ஆட ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்கள் வந்து கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். வாங்கிய சாகசப் புத்தகம் ஒரு மாதிரி உலகத்தில் நடக்கிறது, தாங்கள் ஆட ஆசைப்படுகிற உலகம் வேறு மாதிரி இருக்கிறது, இரண்டையும் எப்படிப் பொருத்துவது? அதை அடியிலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஆட்டம். மேசைக் கதை விளையாட்டு, சுருக்கமாக ஆர்.பி.ஜி. ஒருவர் கதையை நடத்துவார்; அவரை ஜி.எம். என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். "குகை வாசலில் புகை வருகிறது, என்ன செய்கிறாய்?" என்று ஜி.எம். கேட்பார். "ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஊர்ந்து போகிறேன்" என்று ஆடுபவர் சொல்வார். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை உருளும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்குத் தலைப்பிள்ளை.

எல்லாக் கதையையும் ஜி.எம். தானே உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. சாகசப் புத்தகங்கள் அச்சில் கிடைக்கின்றன. வரைபடம் இருக்கும். எந்த அறையில் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், என்ன புதையல், யார் பொய் சொல்கிறார்கள் என்று எல்லாம் எழுதியிருக்கும். என் தொழிலில் சொன்னால் ரெடிமேட் சட்டை. வாங்கி அப்படியே போட்டுக்கொள்ளலாம். தோள் சரியாக உட்காரவில்லை என்றால் பிரித்துத் தைக்க வேண்டும்.

அடுத்து அந்த உலகம். 'வாளும் சூனியமும்' என்பது ஒரு கதை வகையின் பெயர். வீயர்ட் டேல்ஸ் என்ற அமெரிக்க இதழில் 1932 டிசம்பரில் கோனன் என்ற வாள்வீரனைப் பற்றி ராபர்ட் இ. ஹோவர்ட் எழுதிய முதல் கதை வந்தது. பெயர் வெகுநாள் கழித்துத்தான் வந்தது. இந்த வகையை என்னவென்று அழைப்பது என்று மைக்கேல் மூர்காக் என்ற எழுத்தாளர் கேட்டதற்கு, 1961-இல் இன்னொரு எழுத்தாளர் ஃப்ரிட்ஸ் லைபர் சூட்டிய பெயர் இது. கோனன் தன் வாழ்க்கையில் திருடனாக இருந்தான், கூலிப்படையில் இருந்தான், கடற்கொள்ளையும் அடித்தான், பிறகு அரசனானான். லைபரின் நாயகர்கள் இருவரும் ஒரு பழைய பட்டணத்தில் திருடியும் வாள் சுழற்றியும் பிழைக்கிறவர்கள். உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் யாரும் இந்தக் கதைகளில் கிடையாது. தன் கழுத்து, தன் கடன், தன் பழி, அவ்வளவுதான். மந்திரம் இருக்கும், ஆனால் அதைத் தொட்டவன் நன்றாக வாழமாட்டான். "பெண்கள் உண்டா மாமா?" என்று அக்கா மகள் கேட்டாள். 1934-லேயே சி.எல். மூர் என்ற பெண் எழுத்தாளர், ஜிரெல் என்ற வாளேந்திய தலைவியை அதே இதழில் கொண்டுவந்துவிட்டார் என்று சொன்னதும் அவளுடைய பாத்திரம் அங்கேயே பிறந்துவிட்டது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உடம்பில் இரண்டு ரத்தம் ஓடுகிறது. 1979-இல் கைகாக்ஸ் எழுதிய ஜி.எம். கையேட்டின் பின்னிணைப்பில், தனக்கு ஊக்கம் தந்த எழுத்தாளர்களின் பட்டியல் இருக்கிறது. ஹோவர்ட், லைபர், மூர்காக், ஜாக் வான்ஸ் எல்லோரும் அதில் இருக்கிறார்கள், 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கியனும் இருக்கிறார். அதனால்தான் ஒரு சாகசப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கத்தில் டோல்கியன் கதையில் போல எல்ஃப் என்ற காட்டு இனத்தாரும் குள்ளரும் நன்மைக்காகப் போராடுவார்கள், அடுத்த பக்கத்தில் சுரங்கத்துக்குள் பொற்காசுக்காகக் கத்தி வீசுவார்கள். நாம் புதிதாக எதையும் திணிக்கப் போவதில்லை. ஏற்கெனவே இருக்கிற இரண்டில் ஒன்றைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மற்றதற்கு இடம் கொடுக்கிறோம்.

பெயரை மட்டும் மாற்றியபோது நடந்தது

முதல் தடவை நான் செய்தது பெயர் மாற்றம். கோப்ளின் என்று இருந்த இடத்தில் குட்டிச்சாத்தான் என்று எழுதினேன். எல்ஃப் வணிகனை வெறும் வணிகன் ஆக்கினேன். கோட்டைக்குத் தமிழ்ப் பெயர் வைத்தேன். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே. இரண்டாவது மணி நேரத்தில் அக்கா மகள் பதினோராவது குட்டிச்சாத்தானை வெட்டிப் போட்டுவிட்டு, "மாமா, இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்கு இரண்டு வாரம் மனதிலேயே கிடந்தது. அவள் பயப்படவில்லை, எண்ணிக்கொண்டிருந்தாள். சந்தையில் கத்தரிக்காய் எண்ணுகிற மாதிரி.

அப்போதுதான் லயத்தில் கேட்ட கதைகள் ஞாபகம் வந்தன. நான் பிறந்து வளர்ந்தது கித்தா (ரப்பர்) தோட்டத்து லயத்தில். சாயங்காலம் விளக்குப் போகிற நேரத்தில் பாட்டிமார் பேய்க்கதை சொல்வார்கள். பொந்தியானாக் என்பது மலாய்க்காரர் சொல்லும் பெண்பேய். எந்தப் பாட்டியும் "ஆறு பொந்தியானாக் வந்துச்சு" என்று சொன்னதில்லை. ஒன்றுதான். அதையும் யாரும் நேராகப் பார்த்திருக்கமாட்டார்கள். வாழை மரத்துக்குப் பின்னால் பூ வாசனை வரும், நாய் குரைப்பதை நிறுத்திவிடும். பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் சீவப் போன ஒருவர் காய்ச்சலோடு திரும்பி வந்து பத்து நாள் பேசவில்லை என்று ஒரு தகவல் வரும். இரவு முழுக்கப் போர்வைக்குள் கிடப்போம். ஹோவர்டும் லைபரும் எழுதியதும் இந்தக் கணக்குத்தான். அபூர்வமாக இருந்தால்தான் பயம் வரும்.

ஆக, ஆயத்த சாகசத்தை இந்த உலகத்துக்கு மாற்றும்போது செய்ய வேண்டிய முதல் வேலை குறைப்பது. பூதத்தைக் குறை, மந்திரத்தைக் குறை, தெய்வ உதவியைக் குறை. சட்டையிலும் அப்படித்தான், பிடித்துத் தைப்பது சுலபம். இல்லாத துணியை எங்கிருந்து கொண்டுவருவது?

ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்

கைகாக்ஸ் எழுதிய 'கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' என்ற சிறு புத்தகத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பழையது, உலகம் முழுக்கப் புதியவர்கள் பலர் இதில்தான் ஆடிப் பழகினார்கள். எல்லையில் ஒரு கோட்டை. கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளத்தாக்கு, அதன் இரு பக்கமும் குகைகள். ஏ முதல் கே வரை பதினொரு பகுதிகள். கோபோல்ட், இரண்டு ஓர்க் கூட்டங்கள், கோப்ளின், ஓகர், ஹாப்கோப்ளின், பக்பேர், மினோட்டார், நோல் என்று பெரும்பாலான குகைகளுக்கு ஆளுக்கொரு அரக்க இனம். கடைசிக் குகையில் தீய சக்தியை வணங்குகிறவர்களின் கோயில்.

எங்கள் உலகம் எது என்று முதலில் தீர்மானித்தோம். தூரம் போகத் தேவையிருக்கவில்லை. பீடோங்கிலிருந்து மெர்போக் பக்கம் மோட்டாரில் போனால் சுங்கை பத்து வரும். செம்பனைக்கு நடுவில் பழைய காலத்து இரும்பு உருக்கிய இடங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அதற்கு அப்பால் பூஜாங் பள்ளத்தாக்கும் ஜெராய் மலையும். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்து தாக்கிய கடாரம் இந்தப் பக்கம்தான். வரலாற்றை அப்படியே ஆடவில்லை, அதன் வாசனையை மட்டும் எடுத்துக்கொண்டோம். மலையடியில் ஒரு துறைமுகம், பகல் முழுக்க உலைப் புகை, பல நாட்டு வணிகர்கள், யாருக்கும் யார்மேலும் நம்பிக்கை இல்லை. ஊருக்குக் 'கரும்புகைத் துறை' என்று பெயர் வைத்தோம். புத்தகத்துக் கோட்டை எங்களுக்கு மலைப்பாதையில் இருக்கிற சுங்கச் சாவடி ஆனது.

அப்புறம் குகைகள். பதினொன்றை வைத்துக்கொண்டு இந்த மாதிரிக் கதை ஆட முடியாது. பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குகைக்கும் ஒரு கேள்வி கேட்டேன்: இங்கே இருப்பது மனிதனாக இருந்தால் என்ன கெட்டுப்போகும்? பெரும்பாலான குகைகளில் எதுவும் கெடவில்லை, கதைதான் கூடியது. அடுத்தடுத்த குகைகளில் இருக்கும் இரண்டு ஓர்க் கூட்டமும், உலையில் அடிமையாக இருந்து தப்பி வந்த இரண்டு அண்ணன் தம்பிகளின் ஆட்கள் ஆனார்கள். பங்கு பிரிப்பதில் சண்டை, ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஹாப்கோப்ளின்கள் புத்தகத்திலேயே சில பேரைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்கள், அதில் ஒரு வணிகனும் அவன் மனைவியும் உண்டு. அந்தக் கூட்டம் ஆள் பிடித்து விற்கும் தரகர்கள் ஆனது. அந்தக் குகையில் வேறு எதையும் தொடவில்லை. கோபோல்ட், பக்பேர், நோல் மூன்றையும் கோடு போட்டு நீக்கிவிட்டேன்.

இப்படி மனிதர்களாக மாற்றும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். புத்தகத்தில் ஓர்க் என்றாலே கெட்டவன், வெட்டலாம். அவனை மனிதனாக்கிவிட்டு, "இந்தச் சாதி ஆட்களே இப்படித்தான்" என்று விட்டுவிட்டால் அது அசிங்கம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் என்ன வேண்டும், யாரைப் பார்த்துப் பயம் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியே போதும், பேரம் பேச வழி திறந்துவிடும்.

பேரம் என்றதும் ஓகரைச் சொல்ல வேண்டும். கோப்ளின் குகைக்குப் பக்கத்தில் ஒரு ஓகர், அதாவது ஒரு பெரிய அரக்கன், தனியாக இருக்கிறான். கோப்ளின்களுக்கு ஆபத்து வந்தால் 250 பொற்காசு உள்ள ஒரு மூட்டையை அவன் அறைக்குள் வீசுவார்கள், அவன் எழுந்து வந்து சண்டை போடுவான். புத்தகத்தில் இது சில வரிதான். எனக்கு இந்தப் புத்தகத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது, ஏனென்றால் வாளும் சூனியமும் உலகம் இங்கே தானாகவே எட்டிப் பார்க்கிறது. ஓகரை நான் ஊரை விட்டுத் துரத்தப்பட்ட தலைவெட்டியாக மாற்றினேன். ஏழடி உயரம், ஒரு காது இல்லை, அரச சபையில் வேலை பார்த்த காலத்துத் தோலங்கியை இன்னும் போட்டிருக்கிறான்.

ஆட்டத்தில் மூட்டை விழுந்தது. காசு சிதறுகிற சத்தம், பிறகு இருட்டில் யாரோ பெரிய ஆள் எழுந்து நிற்கிற சத்தம். நான் பகடையைக் கையில் எடுத்துவிட்டேன். லாரி ஓட்டும் அண்ணன் கையை நீட்டித் தடுத்தார்.

"தம்பி, அவனுக்கு எவ்வளவு விழுந்துச்சு?"

"இருநூற்று ஐம்பது."

"நான் முந்நூறு தர்றேன். இன்னிக்கு அவன் படுத்துத் தூங்கட்டும்."

நால்வர் பையையும் கொட்டிப் பார்த்தால் 180 தான் இருந்தது. தாதித் தங்கச்சி ஒன்றும் பேசாமல் தன் பாத்திரத்தின் வெள்ளிக் கொலுசைக் கழற்றி மேசைமேல் வைப்பதுபோல் கையை வைத்தாள். அது அவளுடைய பாத்திரத்துக்கு அம்மா கொடுத்தது என்று முதல் நாளே எழுதியிருந்தாள். தலைவெட்டி கொலுசை எடுத்தான், ஒரு மணியைக் கடித்துப் பார்த்தான், திரும்பிப் படுத்துக்கொண்டான். ஒரு பகடைகூட உருளவில்லை. தையல் இயந்திரத்துக்கு மேலே இருக்கிற கடிகாரத்தின் டிக் டிக் எல்லோருக்கும் கேட்டது.

அந்த ஒன்று

எல்லாவற்றையும் மனிதனாக்கிவிட்டால் பூதம் எங்கே? ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும், ஒன்று மட்டும். இந்தப் புத்தகத்தில் நான் வைத்துக்கொண்டது மினோட்டாரை. காளைத் தலை உள்ள அந்த உருவம் ஒரு சுற்றுவழிக் குகைக்குள் இருக்கிறது, அந்த வழியிலேயே திசை தடுமாற வைக்கும் மாயம் இருக்கிறது. கடைசிக் குகைக் கோயிலை அதோடு சேர்த்துவிட்டேன். கோயிலில் வணங்குகிறவர்களுக்கு இதுதான் சாமி. அதனால் இரண்டு குகையும் ஒரு கதையானது.

இப்போது அதை எப்போது காட்டுவது? என் வழக்கம், கண்ணில் படுவதற்கு முன்னால் மூன்று தடவையாவது அது வந்துபோயிருக்க வேண்டும். முதலில், கொள்ளைக்காரர்கள் யாரும் குகையின் கீழ்ப்பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். அடுத்து, கீழே இறங்குகிற வழியில் தினமும் ஒரு தட்டில் சோறும் கருவாடும் வைக்கிறார்கள், காலையில் தட்டு காலி, கழுவியதுபோல் இருக்கிறது. மூன்றாவது, சுற்றுவழிக்குள் கல்சுவர் ஓரிடத்தில் மட்டும் மழமழவென்று இருக்கிறது, ஏதோ ஒன்று பல வருடம் தோளை உரசிக்கொண்டு நடந்த மாதிரி. மண்டோர் நண்பர், "எந்த உயரத்துல?" என்று கேட்டார். உன் தலைக்கு மேலே ஒரு முழம் என்றேன். அவர் தன் பாத்திரத்தாளைப் பார்த்தார், உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கலாம் என்கிற கணக்கு) ஒன்பது. "மெதுவா நடக்கிறேன்" என்றார்.

இதைவிட முக்கியம், அதை எப்படிக் கொல்வது என்பது. பல சாகசப் புத்தகங்களில் மந்திர வாள் இருந்தால்தான் சில பிராணிகளைத் தொட முடியும். நாம் மந்திர வாள்களை எடுத்துவிடுகிறோம், அப்போது என்ன செய்வது? பொந்தியானாக் கதையிலேயே வழி இருக்கிறது. பிடரியில் ஆணி அடித்தால் அவள் பெண்ணாகிவிடுவாள் என்பார்கள். ஆணி சாதாரண ஆணிதான். எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் பலம். அதே மாதிரி, உங்கள் பூதத்துக்கும் ஒரு பலவீனம் வையுங்கள். அது எதுவென்று தெரிந்தவர் ஒருவர் கதையில் இருக்கட்டும், அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒரு முழு இரவு ஆட்டம். எங்கள் கதையில் அது அடைத்து வைக்கப்பட்ட வணிகனின் மனைவிக்குத் தெரிந்திருந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். முனீஸ்வரனையும் மதுரை வீரனையும் நான் எதிரியாக மேசைக்குக் கொண்டுவருவதில்லை. ஆடுகிறவர்களின் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுகிற சாமிகள் அவர்கள். எதிரிச் சாமி வேண்டுமென்றால் பெயர் இல்லாத ஒன்றை நீங்களே உண்டாக்குங்கள்.

மந்திரம் கடனாக வரட்டும்

இன்றைய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மந்திரவாதியாக ஆடினால் சில சின்ன மந்திரங்களை நாள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் வீசலாம். அந்த உலகத்துக்கு அது பொருந்தும். வாளும் சூனியமும் உலகத்துக்குப் பொருந்தாது. மூர்காக்கின் நாயகன் எல்ரிக் ஏந்தும் வாள் வெட்டியவர்களின் உயிரைக் குடித்து அவனுக்குப் பலம் தரும். அவன் நேசிப்பவர்களையும் அது விட்டுவைப்பதில்லை. மந்திரத்துக்கு விலை அந்த அளவுக்கு இருக்க வேண்டும்.

அக்கா மகள் சூனியக்காரியாக ஆட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. யோசித்தபோது நேர்த்திக்கடன் ஞாபகத்துக்கு வந்தது. நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு: வேண்டிக்கொண்டால் செலுத்த வேண்டும். அதை விதியாக்கினோம். அவள் எந்த மந்திரத்தையும் முயற்சி செய்யலாம், பகடை தேவையில்லை, அது பலிக்கும். பலித்தவுடன் தாளில் ஒரு கடன் எழுதப்படும். முதல் முறை கேட்டபோது, மண்ணுக்கடியில் இருப்பதாக நான் உண்டாக்கிய பெயரில்லாத சாமி, "பௌர்ணமிக்குள் ஒரு கறுப்புச் சேவல்" என்றது. இரண்டாவது முறை, "உன்னை நம்புகிற ஒருவரின் தலைமுடி, அவருக்குத் தெரியாமல்" என்றது. அவள் திரும்பி மற்ற மூவரையும் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் மந்திரம் கேட்டாள்.

எதிரிச் சூனியக்காரனுக்கும் இதே கணக்கு. புத்தகம் அவனுக்கு எட்டு மந்திரங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள், அந்த ஒன்றைப் பெரிதாக்குங்கள். அவன் அதற்காக எதை இழந்தான் என்பது அவன் உடம்பில் தெரியட்டும்.

இந்தப் புத்தகத்தில் கோட்டைக்குள்ளேயே இரண்டு சீடர்களோடு ஒரு பூசாரி தங்கியிருக்கிறார். கலகலப்பாகப் பேசுவார், உதவிக்கு வருகிறேன் என்பார், உள்ளுக்குள் எதிரியின் ஆள். அவரை நான் ஒரு நூல்கூடப் பிரிக்கவில்லை. நல்ல தையலை எதற்குப் பிரிக்க வேண்டும்?

உயிர், காசு, கடன்

குறைத்ததால் வருகிற ஒரு சிக்கல் இருக்கிறது. பிற்காலத்து சாகசப் புத்தகங்கள் பலவும், காயம் பட்டால் குழுவில் ஒரு பூசாரி மந்திரம் சொல்லி ஆற்றுவார் என்று கணக்குப் போட்டே எதிரிகளை வைத்திருக்கின்றன. பூசாரியை எடுத்துவிட்டு எதிரிகளை மட்டும் அப்படியே விட்டால் மூன்றாவது அறையில் எல்லோரும் செத்துக் கிடப்பார்கள். நான் எதிரிகளின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவேன். கூடவே, சண்டை முடிந்து உட்கார்ந்து, காயத்தைக் கட்டி, ஒரு மடக்குக் கள் குடித்தால் அந்தச் சண்டையில் இழந்த உயிர்ப்புள்ளியில் பாதி திரும்ப வரும் என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். எதிரிகள் ஓடலாம், சரணடையலாம் என்பதையும் மறக்காதீர்கள். கூலிக்கு வந்தவன் சாகும்வரை நிற்கமாட்டான்.

எல்ஃப், குள்ளர் பாத்திரம் கேட்கிறவர்களுக்கு: அந்த இனத்தின் குணத்தை வைத்துக்கொண்டு ஊரை மாற்றுங்கள். குள்ளர் என்றால் உலைக்களத்தில் பிறந்தவர், எல்ஃப் என்றால் காட்டுக்குள் வளர்ந்த வில்லாளி. அவ்வளவு போதும்.

இனி, ஏன் போகிறார்கள்? நிறையப் புத்தகங்கள் "ஊர் மக்களைக் காப்பாற்றுங்கள்" என்று ஆரம்பிக்கும். நல்ல நோக்கம்தான், ஆனால் இந்த உலகத்து ஆட்கள் அதற்காக மட்டும் மலை ஏறமாட்டார்கள். முதல் இரவில் ஒவ்வொருவரையும் ஒரு வரி எழுதச் சொல்கிறேன்: யாருக்கு எவ்வளவு கடன்? மண்டோர் நண்பரின் பாத்திரம் ஒரு கப்பல் தலைவனுக்கு 400 பொற்காசு தர வேண்டும். தாதித் தங்கச்சியின் பாத்திரத்துக்கு உலையில் அடிமையாக இருக்கிற தம்பியை மீட்கப் பணம் வேண்டும். அவள் இதை எழுதிய பிறகு, தப்பி வந்த அடிமைகளின் குகை அவளுக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் எதையும் திட்டமிடவில்லை. ஊர் மக்களைக் காப்பாற்றினார்களா என்றால், காப்பாற்றினார்கள், ஆனால் அவரவர் காரணத்துக்காகப் போன வழியில்.

பொற்காசு விஷயத்தில் பழைய விதிகள் நமக்குச் சாதகம். பழைய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பத்திரமாகக் கொண்டுவந்த ஒரு பொற்காசுக்கு, பாத்திரத்தை வளர்க்கிற ஒரு அனுபவப் புள்ளி. அதனால் சண்டையைத் தவிர்த்துவிட்டுப் புதையலோடு நழுவினாலும் நஷ்டமில்லை, தலைவெட்டிக்கு லஞ்சம் கொடுத்ததும் புத்திசாலித்தனம் ஆகிறது. ஆர்னசன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1977-இல் அச்சான அவருடைய ஆட்டக் குறிப்புகளில், காசைச் செலவழித்தால்தான் புள்ளி என்கிற முறை இருக்கிறது. நாங்கள் இதைத்தான் பின்பற்றுகிறோம். கள்ளுக்கடை, கோயில் திருப்பணி, தங்கச்சி கல்யாணம், சூதாட்டம், எதற்கு வேண்டுமானாலும் செலவு செய்யலாம். சேர்த்து வைத்தால் வளர்ச்சி இல்லை.

எந்தப் புத்தகத்தில் ஆரம்பிப்பது என்று கேட்டால், டாம் மோல்ட்வே எழுதி 1982-இல் வந்த 'தி லாஸ்ட் சிட்டி'யைச் சொல்வேன். பாலைவன மணலில் புதைந்த ஒரு படிப் பிரமிடு, அதற்கு அடியில் ஒரு நகரம், முகமூடி போட்டுக்கொண்டு கனவு மயக்கத்தில் வாழும் மக்கள், அவர்கள் வணங்கும் சார்கான் என்ற ஒரே ஒரு பயங்கரம். கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்தது. அங்கங்கே பிடித்தால் போதும். உலகத்தையே காப்பாற்றுகிற நீண்ட தொடர்களை முதலில் எடுக்க வேண்டாம். அவற்றில் ஒரு அத்தியாயத்தை, ஒரு கோபுரத்தையோ ஒரு பாழடைந்த ஊரையோ, தனியாகக் கத்தரித்து எடுத்துக்கொள்ளலாம்.

குகை சாகசம் எங்களுக்கு ஐந்து சனிக்கிழமை வந்தது. முடிவில் 1,100 பொற்காசு கைக்கு வந்தது. கப்பல் தலைவனின் கடன் அடைந்தது. தம்பியை மீட்கப் பாதிதான் கட்ட முடிந்தது. லாரி ஓட்டும் அண்ணனின் பாத்திரம் தன் பங்கு முழுவதையும் கரும்புகைத் துறைக் கள்ளுக்கடையில் இரண்டு இரவில் தீர்த்தது, அதற்கு உரிய புள்ளியையும் வாங்கிக்கொண்டது. அக்கா மகளின் தாளில் ஒரு கடன் இன்னும் கோடு போடாமல் இருக்கிறது. ஆறாவது சனிக்கிழமை நால்வரும் காலிப் பையோடு மழையில் துறைமுகத்தில் நின்றார்கள். தாதித் தங்கச்சி, அந்தத் தலைவெட்டி கொலுசை விற்றுவிட்டானா என்று கேட்டாள். நான் அடுத்த புத்தகத்தைத் திறந்து பென்சிலை எடுத்தேன்.